மூன்று பண்டகசாலைகள்

கணிப்பொறியின் நினைவகம் பக்கங்களாகப் பகுக்கப்படுகிறது. பெரும்பாலான பொறிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். ஆனால், இயக்க அமைப்பின் உள்ளமாகிய கர்னலுக்கு அடிக்கடி வேண்டுவனவோ நூறு, இருநூறு பைட் துண்டுகள். பக்கத்தை நறுக்கித் தரவும், திரும்பப் பெறவும் ஒரு பண்டகசாலை தேவை. சோலாரிசுக்காக ஜெஃப் பான்விக் வகுத்து 1994இல் விளக்கிய ‘ஸ்லாப்’ முறை அத்தகையது. லினக்சும் அதனைப் பின்பற்றியது.

செயலிகள் பெருகப் பெருக, ஸ்லாப் பேணிய வரிசைகளும் பெருகின. கணக்கேடுகளாலேயே பண்டகசாலை நிறைந்த கதைதான்! 2007இல் கிறிஸ்டோப் லாமெட்டர் அளித்த ‘ஸ்லப்’ அவ்வரிசைகளைக் கைவிட்டது. அடுத்த வெற்றுத் துண்டின் முகவரியை இவ்வெற்றுத் துண்டினுள்ளேயே எழுதி வைத்தது. சும்மா கிடக்கும் இடந்தானே!

சிறு பொறிகளுக்கென ‘ஸ்லோப்’ என்று வேறொன்றும் இருந்தது. (பெயர்களே மயக்கம் தருவன.) ஆக, ஒரே பணிக்கு மூன்று நிரல்கள், ஒரு மாற்றமென்றால் மூன்றையும் பார்க்க வேண்டும். ஸ்லோப் சிலவகைத் துண்டுகளின் அளவைக் குறித்து வைப்பதில்லை. எனவே அவற்றைப் பொதுவான விடுவிப்பு ஆணையால் விடுவிக்க முடியாது. மற்ற இரண்டிலும் இயலுமெனினும், இவ்வொன்றை முன்னிட்டு எல்லோருக்கும் தடை. 2023இல், 6.4ஆம் பதிப்பில், ஸ்லோப் நீக்கப்பட்டது, தடையும் நீங்கிற்று.

ஸ்லாப்பை நீக்குவது அத்துணை எளிதன்று. சில பணிகளில் அதுவே விரைவெனக் கண்டோர் அதனை விடவில்லை. 2024இல், 6.8ஆம் பதிப்பில்தான் அதுவும் விடைபெற்றது; ஸ்லப் வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்.