வாங்கி வந்த குருவி கைக்கு வருமா?

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிறவர்களில் சிலர், திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் வாழைப்பழப் பையோடு ஓட்டை போட்ட மட்டைப் பெட்டி ஒன்றையும் கொழுவிக்கொண்டு வருகிறார்கள். பெட்டிக்குள் நகம் பிறாண்டும் சத்தம். காங்கேசன்துறை வீதியில் ஒரு குலுக்கல் குலுக்கினால் சத்தம் நின்றுவிடும். கொஞ்சத் தூரம் போனபின் மெல்லத் தொடங்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில் ஒரு சோடி ‘லவ் பேர்ட்ஸ்’. கடைக்காரர் சொல்லும் பெயர் அது. பறவை ஆய்வாளர்களுக்கு அது பட்ஜெரிகர், ஆஸ்திரேலியாவின் சிறு கிளி. நம் வீடுகளில் வெறுமனே குருவி.

வீடு வந்ததும் நடப்பது எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பிள்ளைகள் கூட்டைச் சுற்றிக் குந்திவிடுவார்கள். “அம்மம்மா, இது கதைக்குமோ?” “கதைக்கும், கதைக்கும். முதல்ல விரலை வெளியில எடு.” பொழுது சாய முன்னமே யாராவது கதவைத் திறந்து, கையை விட்டுப் பிடித்துத் தடவிப் பார்ப்பார்கள். குருவி கடிக்கும். அளவுக்கு மிஞ்சின கடி. “இது பழகிற சாதியில்லை” என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிடும். அதன்பிறகு அது விறாந்தையில் தொங்கும் ஒரு அலங்காரப் பொருள். தீனி போடுவார்கள், தண்ணீர் மாற்றுவார்கள், வந்தவர்களுக்குக் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

குருவியின் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். முப்பது, நாற்பது கிராம்தான் அதன் மொத்த எடை. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் மழையையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டமாக அலைந்த இனம். அந்த வெட்டவெளியில் தலைக்கு மேலிருந்து இறங்கி வருவது பருந்து. கூட்டுக்குள் மேலிருந்து நுழையும் நம்முடைய கையும் அதற்குப் பருந்துதான். கடைகளில் விற்பவை நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகக் கூட்டிலேயே பெருகிய பரம்பரை என்றாலும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் இங்கிலாந்துக்கு முதன்முதல் உயிரோடு கொண்டுபோன சோடி, அவருடைய மனைவியின் சகோதரர் சார்ள்ஸ் கொக்சன் கையால் வளர்த்துக் கொடுத்தது. அத்தனை நீண்ட கப்பல் பயணத்தை அவை தாக்குப்பிடித்ததில் அந்த வளர்ப்புக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே பழக்குவது பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். விலகிப் போக வழி உள்ள குருவிதான் கிட்ட வரும். மற்றதெல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

வாங்கும்போதே பாதி விஷயம் முடிவாகிறது. குஞ்சுப் பருவக் குருவிக்கு நெற்றியில் அலகு வரைக்கும் மெல்லிய கறுப்பு வரிகள் ஓடும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்து முளைக்கையில் அந்த வரிகள் மறைந்து நெற்றி வெளுத்துவிடும். கண்ணும் அப்படியே: குஞ்சுக்கு முழுக் கறுப்பு, வளர்ந்ததற்கு ஓரத்தில் வெள்ளை வளையம். சில நிற வகைகளில் இந்த அடையாளங்கள் பொருந்தா. ஆனாலும் வரியுள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது. மூக்குத்துளை இருக்கும் அலகடித் தசை வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு மண்ணிறம். பேச்சுப் பழக்க ஆசையுள்ளவர்கள் ஆணைத்தான் தேட வேண்டும்.

“தனிய விட்டா ஏங்கிச் செத்துப்போம் அண்ணை, சோடியா எடுங்கோ” என்பார் கடைக்காரர். வியாபாரம்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. கூட்டமாக வாழ்கிற உயிர் அது. சோடியாக வந்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். நம்மைத் தேட அவற்றுக்குத் தேவை இருக்காது. தனியாக வந்தால் விரைவில் பழகும், ஆனால் அதன் கூட்டம் முழுவதும் நாமாகிவிடுவோம். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பின்னேரம் ரியூசன் முடித்துத் திரும்புகிற வீட்டுக்குத் தனிக் குருவி பெரிய அநியாயம். ஒன்றை முதலில் வாங்கிப் பழக்கிவிட்டு, பிறகு இரண்டாவதைச் சேர்ப்பது நடுவழி. பழகின ஒன்று கையில் ஏறி இறங்குவதைப் பார்த்தால் புதியதின் பயமும் சீக்கிரம் தெளியும்.

கூட்டை எங்கே வைப்பது? குசினியில் மட்டும் வேண்டாம். பறவையின் உடலில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. இழுக்கிற மூச்சில் உள்ளது நல்லதோ கெட்டதோ முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கனேரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அடுப்பில் வெறுமனே காய்ந்தால் எழும் ஆவியில் நமக்கு ஒன்றும் தெரியாது, குருவி சில நிமிடங்களில் விழுந்துவிடும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் இரவு நுளம்புச்சுருளும் அது இருக்கும் அறைக்கு ஆகாது.

விறாந்தை நல்ல இடம் போலத் தெரியும். பூனையும் காகமும் சாரைப்பாம்பும் அப்படியே நினைக்கின்றன. முதுகுப் பக்கம் சுவர் இருக்க, நம் நெஞ்சு உயரத்தில், வீட்டார் நடமாடும் அறையின் ஒரு மூலை போதும். நான்கு பக்கமும் திறந்திருக்கும் கூட்டில் எந்தப் பக்கத்தால் ஆபத்து வருமென்று பார்த்துக்கொண்டே குருவி களைத்துப்போகும். மார்கழி வாடையோ வைகாசிச் சோளகமோ நேரே அடிக்கும் யன்னலும் வேண்டாம். இரவில் கூட்டின் மூன்று பக்கத்தை ஒரு பழைய பருத்திச் சீலையால் மூடிவிட்டால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் உறங்கும்.

தண்ணீர் விஷயத்தில் சுன்னாகத்தாருக்குப் பாடம் எடுக்க எனக்கு உரிமை இல்லை. கிணற்றில் எண்ணெய் கலந்து, அது 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போன ஊர். நீங்கள் குடிப்பதையே குருவிக்கும் வையுங்கள், நாளாந்தம் மாற்றுங்கள். தீனிக்குத் தினை, சாமை, குரக்கன். இலைவகையில் முருங்கையும் பொன்னாங்காணியும் உண்ணும், முதலில் முகம் திருப்பினாலும். அவகாடோ, சொக்லேற், உப்புப் போட்ட மிக்சர், தேத்தண்ணி எதுவும் கூடாது, அவகாடோ கொன்றேவிடும். சுண்ணாம்புச் சத்துக்குக் கடைகளில் பக்கற்றில் விற்பதை வாங்க வேண்டியதில்லை. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டிவிடலாம். அலகும் தேயும். கூட்டோடு தருகிற பிளாஸ்ரிக் தடியைக் கழற்றிவிட்டுக் கொய்யாக் கொப்பும் வேப்பங்கொப்பும் வையுங்கள். தடிப்பும் மெலிவும் கலந்த கொப்பைப் பிடிக்கிற காலுக்குத்தான் புண் வராது.

இனிப் பழக்கம். முதல் சில நாட்களுக்குக் குருவியை ஒன்றும் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள், கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். குருவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இறகை உடம்போடு ஒட்டி, மெலிந்து நீண்டு நின்ற குருவி நாளடைவில் இறகைத் தளர்த்தியது. ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. அலகை அரைக்கிற மெல்லிய சத்தமும் கேட்டது. பயம் விட்டதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

அதற்குப் பின்புதான் அவள் ஒரு தினைக்கதிரைக் கம்பிக்குள்ளால் நீட்டினாள். கதிர் நீளமாக இருந்ததால் விரல் தள்ளி நின்றது. குருவி கொப்பில் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தது, நின்றது, திரும்பிப் போனது. அவள் கதிரைக் கொண்டு அதைத் துரத்தவில்லை. பிறகு கழுத்தை மட்டும் எட்டி நீட்டி ஒரு மணியைக் கொத்தியது. கிட்டத்தில் பார்த்தால் தெரியும்: கறுத்து உருண்ட சின்ன நாக்கு மணியை உருட்டி, கோதைப் பிரித்து, பருப்பை உள்ளே எடுத்துக்கொண்டு கோதை அலகோரத்தால் தள்ளிவிடுகிறது. அடுத்தடுத்துக் கதிரைச் சிறிது சிறிதாகக் குட்டையாக்கினாள். கடைசியில் கை கூட்டுக்குள் போனபோதும் கீழிருந்துதான் போனது, மேலிருந்து அல்ல. கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றோடு விரலை மெல்ல ஒட்டிப் பிடித்தால் குருவி ஏறி நிற்கும். அந்தச் சிறு பாதத்தின் சூடு எதிர்பாராதது. பறவையின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியசுக்குக் கிட்ட.

இந்தச் சமயத்தில் தவறாமல் வருகிற யோசனை, செட்டையை வெட்டிவிட்டால் என்ன என்பது. வெட்டினால் ஓடாது, உண்மைதான். ஆனால் ஓட முடியாததால் நிற்பதைப் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயில் திருவிழாக்களில் கிளிச்சாத்திரம் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். செட்டை நறுக்கிய கிளி, ஒரு நெல்மணிக்காகக் கூட்டைவிட்டு நடந்து வந்து அட்டையை இழுத்துக் கொடுத்துவிட்டு, தானாகவே உள்ளே போகும். அதன் ஒழுங்கைப் பார்த்துச் சனம் வியக்கும். நான் அந்தக் கிளியின் செட்டையைத்தான் பார்ப்பேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உள்நாட்டுக் கிளிகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

நம்மூரிலும் லவ் பேர்ட்ஸ் போதாதென்று பனம்பொந்துக் கிளிப்பிள்ளைக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. தலையில்லாத பட்ட பனைகளில் நம் பச்சைக்கிளி முட்டையிடுகிறது. குஞ்சை எடுக்க ஏறுபவர்கள் பொந்தை உடைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் அந்த மரம் பயன்படாது. இறகு முளைக்காத குஞ்சுக்குக் கரைத்து ஊட்டத் தெரியாமல் கொன்றுவிடுவதும் சாதாரணம். யாராவது விலைபேசிக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சட்டம் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்கலாம்.

பேச்சுக்கு வருவோம். பிரித்தானியாவில் ஸ்பார்க்கி வில்லியம்ஸ் என்ற ஆண் பட்ஜெரிகர் 1958இல் பிபிசி நடத்திய பேசும் குருவிப் போட்டியில் வென்றது. பிறகு அதன் குரல் இசைத்தட்டாகவும் வந்தது. கலிபோர்னியாவில் பக் என்ற இன்னொன்று 1,728 சொற்கள் பழகிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இந்தக் கணக்கை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது உத்தமம், பிறகு குருவிக்கு ரியூசன் வைத்துவிடுவார்கள். பழகி, பயம் தெளிந்த ஆண் குருவிக்கு ஒரே சொல்லை ஒரே தொனியில், அது அமைதியாக இருக்கும் காலையிலோ அந்தியிலோ சொல்லிக்கொண்டிருந்தால் போதும். பல குருவிகள் கடைசிவரை பேசாமலும் இருக்கும். அவை பழகாத குருவிகள் அல்ல.

நாள் முழுக்க இறகைப் புடைத்துக்கொண்டு, கண்மூடி, கூட்டின் அடித்தட்டில் இருந்தால், அல்லது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இவ்வளவு சிறிய உயிருக்கு நாளை வரை பொறுக்க அவகாசம் இராது.

கை பழகியதும் அறைக்குள் பறக்க விடலாம். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், நிலைக்கண்ணாடிக்குச் சீலை போடுங்கள், பூனை கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுக் கதவு திறந்தபடியே இருக்கட்டும். பசித்தால் தானாக வரும். தப்பி வெளியே போய்விட்டால் கல்லெறிந்தோ கூச்சலிட்டோ மரத்துக்கு மரம் துரத்தாதீர்கள். கூட்டை முற்றத்தில் அது பார்க்கக்கூடிய இடத்தில், கதவு திறந்தபடி, தினைக்கதிர் கட்டித் தொங்கவிடுங்கள். சோடி இருந்தால் அதைப் பக்கத்தில் வேறு கூட்டில் வையுங்கள். அதன் சத்தம் நம் சத்தத்தைவிடத் தூரம் போகும். வழக்கமாகச் சொல்லும் சொல்லைச் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். பொழுதுபடுகிற நேரம்தான் திரும்ப வாய்ப்பு அதிகம். பக்கத்து வளவுக்காரருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள், அவர்கள் வீட்டு நாயைக் கட்டிவைக்கட்டும்.