107 சதவீதக் கோடு

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு ஒரு கார் 20 நிமிடத்தில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்ற கார்கள் 21 நிமிடம் 24 வினாடிக்குள் வந்தாக வேண்டும். தவறினால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. ஃபார்முலா ஒன் பந்தயத்தின் 107 சதவீத விதி இதுதான். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமான கார் எடுத்த நேரத்தோடு ஏழு சதவீதம் கூட்டி எல்லை போடுவார்கள்.

நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் இதில் மாட்டியவர். 2011, மெல்போர்ன். எல்லை 1 நிமிடம் 31.266 வினாடி. அவர் எடுத்தது 1 நிமிடம் 34.293. மூன்றே வினாடி! எச்.ஆர்.டி. அணியின் இரண்டு கார்களுமே வெளியே. அடுத்த ஆண்டும் அதே மெல்போர்ன், அதே அணி, அதே கதை.

மெதுவாகப் போகும் கார், பின்னால் 300 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு ஆபத்து, விதி அதற்குத்தான். சரிதான். ஆனால் கோட்டைப் போடுவது பணக்கார அணியின் கார். அது இன்னும் வேகமெடுத்தால் கோடும் நகரும். 2011-இல் எச்.ஆர்.டி.யின் புதுக் காரோ மெல்போர்ன் வந்த பிறகுதான் முதன்முதலாக ஓடியது. பயிற்சியில் நல்ல நேரம் காட்டியிருந்தால் நடுவர்கள் விதிவிலக்கு தரலாம். பயிற்சியே சரியாக ஓடாதவர் எதைக் காட்டுவார்?

அதே 2011 அக்டோபரில், டெல்லி அருகே நடந்த இந்திய கிராண்ட் பிரீயில் நரேன் களமிறங்கி, 17-ஆவது இடத்தில் பந்தயத்தை முடித்தார்.