லினக்ஸ் கருவகத்தில் கம்பியில்லா வலையமைப்பு இடைமுகங்கள்

லினக்ஸ் கருவகத்தில் கம்பியில்லா வலையமைப்புச் சில்லுகளுக்கான இயக்கிகள் தொடக்கத்தில் ‘வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்னும் இடைமுகத்தைச் சார்ந்திருந்தன. அதன் கட்டளைகளுக்கு ஒவ்வோர் இயக்கியும் தன்போக்கில் பொருள்கொண்டமையால், ஒரே நிரல் சில்லுக்குச் சில்லு வேறுபட்டுச் செயற்பட்டது.

2007இல் வெளிவந்த 2.6.22ஆம் பதிப்பில் சிஎஃப்ஜி80211, மேக்80211 ஆகிய அடுக்குகள் இடம்பெற்றன. முன்னது, பயனர் நிரல்களின் வேண்டுகோள்களைச் சரிபார்த்து இயக்கியிடம் சேர்க்கிறது. நாடுதோறும் வேறுபடும் அலைவரிசை விதிகளையும் செயற்படுத்துகிறது. பின்னது, இணைப்பு மேலாண்மையைத் தாமே செய்யவியலாத சில்லுகளுக்காக அப்பணியைக் கருவகத்திலேயே மேற்கொள்கிறது. தாமே செய்யவல்ல சில்லுகளின் இயக்கிகள் சிஎஃப்ஜி80211உடன் நேரடியாக இணைகின்றன.

பொது அடுக்கில் நேரும் பிழை, அதனைச் சார்ந்த இயக்கிகள் பலவற்றைத் தாக்கக்கூடும். அங்குச் செய்யும் திருத்தமும் அவ்வாறே பலவற்றுக்கும் பயன்படும். ஆகவே, மேக்80211 சார்ந்த சூழலில் ‘இயக்கி’ என்னும் கலைச்சொல், சில்லுக்கே உரிய எஞ்சிய பகுதியை மட்டும் சுட்டுவதாகக் கொள்ளுதல் பொருந்தும்.