ரயில் வராத ஊரில் ஒரு ரயில் கண்காட்சி... சின்னதாக, சிரித்த முகமாக நடத்துவது எப்படி?

உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் கிழக்கே உளுந்தூர்பேட்டைக்கோ, மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டி சின்னசேலத்துக்கோ போகணும். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு சுமார் 16 கி.மீ நீளத்தில் ஒரு புதிய பாதை வேண்டும் என்பது இந்தப் பகுதியின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் மாடல் ரயில் கண்காட்சியா? உண்மையில் இதற்குப் பொருத்தமான இடமே இதுதான். பெரம்பூரிலோ ஈரோட்டிலோ வளரும் பிள்ளை தினமும் ரயிலைப் பார்க்கும். இங்கே வளரும் பிள்ளைக்கு பாயின்ட் எப்படித் திரும்புது, சிக்னல் ஏன் சிவப்பாகுது, ரயில்வே கேட் எதற்கு அவ்வளவு நேரம் மூடியிருக்கு என்பதையெல்லாம் ஒரு மேஜை மீதே காட்டிவிடலாம். நாலு பேர், ஒரு பிளைவுட் பலகை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும்.

மாடல் ரயில் என்றால் பொம்மை ரயிலா?

இல்லை. பொம்மை ரயிலுக்கு அளவுக் கணக்கு கிடையாது. மாடல் ரயிலுக்கு உண்டு. உலகம் முழுக்கப் பரவலாக இருப்பது ஹெச்.ஓ ஸ்கேல். அதாவது, நிஜத்தில் 87 அடி இருப்பது மாடலில் 1 அடி. ஐ.சி.எஃப் பெட்டி ஒன்றின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று மேல், ஹெச்.ஓ-வில் அது சுமார் 24.5 செ.மீ. ஒரு கிலோமீட்டர் 11.5 மீட்டராகிவிடும். 100 கி.மீ வேகம் என்பது மேஜை மீது நொடிக்கு 32 செ.மீ. இதைவிடச் சின்னது என் ஸ்கேல். அதில் விகிதம் பொதுவாக 1:160. அதே பெட்டி அங்கே 13 செ.மீ-தான்.

தமிழர்களுக்கு இந்தக் கலை ஒன்றும் புதிதல்ல. நவராத்திரி கொலுப்படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போடும் 'பார்க்'கை நினைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு குளமாகும், தெர்மாகோல் மலையாகும், கேழ்வரகு முளை புல்வெளியாகும், நடுவே சாவி கொடுத்த ரயில் வட்டமடிக்கும். அந்த பார்க்கில் அளவுக் கணக்கையும் மின்சாரத்தையும் சேர்த்தால் அதுதான் 'லேஅவுட்'.

தனியாகச் செய்யலாமே, கிளப் எதற்கு?

ஒருத்தருக்கு மரவேலை வரும். இன்னொருத்தருக்கு சால்டரிங் வரும். மூன்றாமவர் அட்டையில் வீடு செய்வார். நாலாமவருக்கு எதுவும் வராது, ஆனால் வருகிறவர்களிடம் அலுக்காமல் பேசுவார். கண்காட்சி நாளில் அந்த நாலாமவர்தான் முக்கியமான ஆள்.

லண்டனில் 'தி மாடல் ரயில்வே கிளப்' 1910-ல் தொடங்கப்பட்டு இன்னும் இயங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி கல்வி நிறுவனத்தில் 1946-ல் உருவான மாடல் ரயில் கிளப்பின் கதை ஐ.டி-யில் வேலை செய்பவர்களுக்குப் பிடிக்கும். அங்கே ஒரு குழு மரம், மலை, வீடு செய்தது. இன்னொரு குழு, பழைய டெலிபோன் ரிலேக்களை வைத்து மேஜைக்கு அடியில் சிக்னல் அமைப்பைக் கட்டியது. சாமர்த்தியமான ஒரு வேலையை அவர்கள் 'ஹேக்' என்று அழைத்தார்கள். பிறகு அதே ஆட்கள் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். ஆரம்பகால கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஒன்றான 'ஸ்பேஸ்வார்' அந்த வட்டத்தில்தான் பிறந்தது. இன்று நாம் சொல்லும் 'ஹேக்கர்' என்ற சொல்லின் வேர், ஒரு ரயில் மேஜைக்கு அடியில் இருக்கிறது.

புனே சொல்லும் பாடம்

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம், புனேவில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம். பி.எஸ்.ஜோஷி என்ற ஆர்வலர் முதலில் தற்காலிகக் கண்காட்சிகளாகத்தான் தன் ரயில்களை மக்களுக்குக் காட்டினார். பெரிய லேஅவுட்டை ஒவ்வோர் இடமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்துக் கட்டுவது லேசான வேலை இல்லை. கடைசியில் 1998 ஏப்ரல் 1 அன்று அது நிரந்தர இடமாகத் திறக்கப்பட்டது. அங்கே ரயில் மட்டுமல்ல, சர்க்கஸ், நீச்சல் குளம், திறந்தவெளித் திரையரங்கு என்று ஒரு குட்டி நகரமே இருக்கிறது.

சின்ன கிளப்புக்கு இதில் இரண்டு பாடங்கள். ஒன்று, தூக்க முடியாத லேஅவுட்டைக் கட்டாதீர்கள். இரண்டு, பார்வையாளர்களில் பலர் ரயிலுக்காக வருவார்கள், ஆனால் ரயிலைச் சுற்றி நடக்கும் வாழ்க்கையைப் பார்த்துத்தான் நிற்பார்கள்.

எட்டுக்கு நாலு போதும்

மரக்கடையில் கிடைக்கும் எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றில் (244 x 122 செ.மீ) ஹெச்.ஓ ரயில் தாராளமாக வட்டமடிக்கும். அதையே நாலு துண்டாக வெட்டி, அடியில் சட்டம் அடித்து, போல்ட் போட்டு இணைத்தால் வேனில் ஏற்றிவிடலாம். என் ஸ்கேல் என்றால் ஒரு கதவு அளவு பலகையே போதும்.

24 பெட்டி நிற்கும் நிஜ பிளாட்ஃபாரத்தை அப்படியே சுருக்கினால்கூட 6 மீட்டருக்கு மேல் வரும். அதனால் யாரும் முழு ரயில் ஓட்டுவதில்லை. நாலு பெட்டி, ஒரு இன்ஜின், சுமார் ஒன்றே கால் மீட்டர். கண் அதையே முழு ரயிலாக எடுத்துக்கொள்ளும்.

செலவு? இன்ஜினும் தண்டவாளமும் பெரும்பாலும் இறக்குமதி, விலை அதிகம்தான். ஆனால் கிளப்பாகச் சேர்ந்தால் ஆரம்பத்துக்கு இரண்டு இன்ஜின் போதும். மற்றதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு: கல்யாணப் பத்திரிகை அட்டையில் வீடு, சாயம் போட்ட மரத்தூளில் புல், சலித்த மணலில் ஜல்லி, பின்னணிக்கு தெர்மாகோலில் கல்வராயன் மலை. இந்திய இன்ஜின்களின் மாடல் கடைகளில் குறைவு என்பதால், வெளிநாட்டு இன்ஜினின் அடிப்பாகத்தின் மேல் அட்டையிலோ 3டி பிரின்ட்டிலோ உடலைச் செய்து மாட்டுகிற ஆர்வலர்கள் உண்டு.

கம்ப்யூட்டர் தெரிந்தவர் கிளப்பில் இருந்தால் இன்னொரு படி ஏறலாம். சாதாரண முறையில், தண்டவாளத்தில் எவ்வளவு வோல்டேஜ் போகிறதோ அந்த வேகத்தில் ரயில் ஓடும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டுமே ஓடும். டி.சி.சி என்கிற டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண் உண்டு. கட்டளை தண்டவாளம் வழியாகவே அதற்கு மட்டும் போய்ச் சேரும். ஆர்டுயினோ போர்டை வைத்து டி.சி.சி-இ.எக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பை நீங்களே கட்டலாம். கன்ட்ரோலர் வேலையை செல்போனே பார்த்துக்கொள்ளும்.

கண்காட்சி நாளில் கவனிக்க வேண்டியவை

* ஒரு ரயில் எப்போதும் ஓடணும். நின்ற ரயிலை யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள். வெளிவட்டத்தில் ஒன்று தானாகச் சுற்றட்டும்; உள்ளே இன்னொன்றை ஷன்டிங் செய்து காட்டுங்கள். ஒரே இன்ஜினை நாள் முழுக்க ஓட்டினால் மோட்டார் சூடாகும். அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

* தூசியே முதல் எதிரி. சக்கரம் வழியாகத்தான் இன்ஜினுக்கு மின்சாரம் போகிறது. நெடுஞ்சாலையோர மண்டபத்தில் மணிக்கு ஒருமுறை தண்டவாளத்தைத் துடைக்கணும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். நெருப்பு பக்கத்தில் வேண்டாம்.

* மேஜை உயரம் பிள்ளைகளுக்கானதாக இருக்கட்டும். 75 - 80 செ.மீ இருந்தால் ஆறு வயதுக் குழந்தையும் தானாகப் பார்க்கும். பெரியவர்கள் குனிந்துகொள்வார்கள். இன்னும் சின்னப் பிள்ளைக்கு இரண்டு முக்காலி.

* ஓட்டுபவர் பின்னால் ஒளிய வேண்டாம். முன்பக்கம் நின்று ஓட்டுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பேச. "இது எந்த ஊரு வண்டிண்ணா?" என்று கேட்கும் பிள்ளைக்கு உடனே பதில் கிடைக்கணும்.

* 'தொடாதே' மட்டும் போதாது. தொடுவதற்கும் ஒன்று வேண்டும். வேகம் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு சின்ன வட்டம், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஓட்டி முடித்ததும் கையில் ஒரு அட்டை டிக்கெட். அது ஒரு வருஷம் பென்சில் டப்பாவில் இருக்கும்.

* கரன்ட் போனால்? சாதாரண டி.சி மாடல் ரயில்கள் ஓடுவது 12 வோல்ட்டில். ஒரு 12 வோல்ட் பேட்டரியும் அதற்கேற்ற கன்ட்ரோலரும் இருந்தால் மண்டபம் இருண்டாலும் ரயில் ஓடும். அந்த நேரத்தில் குட்டி வீடுகளில் எல்.இ.டி எரிந்தால் இன்னும் அழகு. 230 வோல்ட் வயர், அடாப்டர் எல்லாம் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், மூடிய பெட்டியில் இருக்கணும். குட்டி மனிதர்கள், குட்டிக் கார்களை ஒட்டிவிடுங்கள். கைக்குழந்தைகள் வாயில் போட்டுவிடும்.

* ஆட்களுக்கு முறை போடுங்கள். நாலு மணி நேரக் கண்காட்சிக்கு ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர் எப்போதும் டீ குடிக்கப் போகலாம். களைத்த ஆள் எரிந்து விழுவார். சிரித்த முகம்தான் சின்னக் கண்காட்சியின் முதலீடு.

எந்த ரயிலை ஓடவிடுவது?

ஜெர்மனி மலைக்கிராமமும் நீராவி இன்ஜினும் பார்க்க அழகுதான். ஆனால் பக்கத்து ஊர்க்காரர் நின்று பேசணும் என்றால், அவருக்குத் தெரிந்த ரயில் வேணும். சின்னசேலம் வழியாகச் செல்லும் சேலம் - விருத்தாசலம் பாதை, 2000-களில் பிராட் கேஜாக மாற்றப்படும்வரை மீட்டர் கேஜ்தான். தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ, இப்போது 1,676 மி.மீ. ஹெச்.ஓ அளவில் முன்னது 11.5 மி.மீ, பின்னது 19 மி.மீ-க்குச் சற்று மேல். ஹெச்.ஓ தண்டவாளத்தின் இடைவெளியோ 16.5 மி.மீ. அதனால் நம்ம பிராட் கேஜ் மாடல் எப்போதும் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகிறது. மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ தண்டவாளம் தனியாகவே கிடைக்கிறது. பொருத்தம் கிட்டத்தட்ட கச்சிதம்!

தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜில் பயணிகளை ஏற்றிச் செல்வது மேட்டுப்பாளையம் - உதகை இடையே 46 கி.மீ ஓடும் நீலகிரி மலை ரயில் மட்டும்தான். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. மற்ற பாதைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய பெட்டிகள் போய்விட்டன, பாதையே மாறிவிட்டது. மீதி இருப்பது, அந்த வண்டியில் சேலத்துக்குப் போய் வந்தவர்களின் ஞாபகம். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டு இருக்கிறது.

ஆகவே லேஅவுட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மேஜை போடுங்கள். ஒரு நோட்டு, பேனா, ஒரு செல்போன் ஸ்டாண்ட். பழைய அட்டை டிக்கெட்டோ ஸ்டேஷன் போட்டோவோ கொண்டுவருபவர்களிடம் வாங்கிப் படமெடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுங்கள். ஸ்டேஷனில் மரம் எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர்க் குழாய் எங்கே, கேட்மேன் வீடு என்ன கலர் என்று கேளுங்கள். புத்தகத்தில் கிடைக்காத இந்தத் தகவல்கள்தான் அடுத்த ஆண்டு லேஅவுட்டுக்கு வரைபடம். "இல்லப்பா, கேட் இந்தப் பக்கம் இருந்துச்சு" என்று ஒரு பெரியவர் திருத்தினால், கண்காட்சி வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் ஆண்டே மண்டபம் பிடிக்க வேண்டாம். பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரு மேஜை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நூலகத்தில் ஒரு அரை நாள். நுழைவுக் கட்டணம் வேண்டாம், வாசலில் ஓர் உண்டியல் போதும். சென்னை ஐ.சி.எஃப் வளாகத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் திருச்சி ரயில் அருங்காட்சியகத்தையும் கிளப்பாகச் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நூறு யோசனை பிறக்கும்.

கூட்டம் எவ்வளவு என்று எண்ண வேண்டாம். முப்பது பேர் வந்து, அதில் இரண்டு பேர் "அடுத்த வாரம் நானும் வரலாமா?" என்று கேட்டால் போதும். நாலு பேர் கிளப் ஆறு பேராகிவிடும். ஒரு பலகை இரண்டு பலகையாகும். கள்ளக்குறிச்சிக்கு ரயில் வருவது அரசாங்கத்தின் கையில். எலவனாசூர்கோட்டையில் ரயில் ஓடுவது உங்கள் கையில்தான்.