நீலகிரிச் செம்மறி: கலப்பில் தோன்றிய மலையினத்தின் வரலாறும் இயல்புகளும்

முன்னுரை

மலைசார்ந்த நிலங்களில் ஆடு மேய்த்தல் தமிழகத்தில் தொன்மையான தொழிலாகும். மலைபடுகடாம் செம்மறியைத் துருவை என்றும் அதன் கிடாயைத் தகர் என்றும் சுட்டுகிறது. எனினும், இன்று நீலகிரிச் செம்மறி எனப்படும் இனம் அத்துணைத் தொன்மை உடையதன்று. 19ஆம் நூற்றாண்டில் உருவான கலப்பினமாகும். கலப்பில் தோன்றிய ஓரினத்தை மேலும் கலவாமல் பேணுவது எதற்கு என்னும் வினாவை முன்வைத்து, அதன் வரலாற்றையும் இயல்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்ற வரலாறு

ஆங்கிலேயர் நீலகிரியில் குடியேறிய பின்னர் அயல்நாட்டுச் செம்மறிகள் அம்மலையை அடைந்தன. சமவெளிக்குரிய கோயம்புத்தூர்ச் செம்மறியோடு தாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய இனங்கள் கலந்தன. கோயம்புத்தூர் இனம் விரிப்புகள் நெய்தற்கேற்ற முரட்டு உரோமம் உடையது. மெரினோ மென்கம்பளிக்குப் பெயர்பெற்றது. செவியட் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைக் குன்றுகளுக்கும், சவுத்டவுன் தென்னிங்கிலாந்துக்கும் உரியவை. இக்கலப்பில் எவ்வினத்தின் பங்கு எவ்வளவு என்பது பதிவு செய்யப்படவில்லை.

இயல்புகள்

இவ்வினம் நடுத்தர உடலமைப்பும் வெண்ணிறமும் கொண்டது; முகத்திலும் உடலிலும் பழுப்புத் திட்டுகள் அரிதாகக் காணப்படும். புடைத்து வளைந்த மூக்குத்தண்டும், அகன்று தொங்கும் காதுகளும் இதன் அடையாளங்கள். பெட்டைகளுக்குக் கொம்பில்லை, கிடாய்களுக்குக் கொம்பு முளை மட்டுமே உண்டு. உரோம இழையின் தடிமன் ஏறத்தாழ 27 மைக்ரான் ஆகும். ஆடை நெய்தற்கேற்ற இத்தகைய கம்பளி தென்னிந்தியச் செம்மறிகளிடம் அரிது. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். எனினும் இரட்டைக்குட்டி ஈனுதலோடு தொடர்புடைய ஃபெக்-பி மரபணு மாற்றம் இவ்வினத்தில் கண்டறியப்பட்டுள்ளது.

நலிவும் பாதுகாப்பும்

தேயிலைத் தோட்டங்களும் சீகை, தைல மரக் காடுகளும் பெருகியதால் மலைப்புல்வெளி சுருங்கியது. கம்பளியை விட இறைச்சிக்கே சந்தை மதிப்பு மிகுந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா செம்மறியாட்டு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணி வருகிறது. அங்கேயே மெரினோ, ராம்புலே இனங்களுடன் நீலகிரிச் செம்மறியைக் கலந்து சாண்டினோ என்னும் இனமும் உருவாக்கப்பட்டது.

கலப்பால் பிறந்த இனம் மீண்டும் கலந்தால் இழப்பென்ன எனச் சிலர் வினவலாம். முதற்கலப்பின் வழித்தோன்றல்களை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மலையின் குளிரும் மழையும் சலித்தெடுத்தன. அங்குத் தாக்குப்பிடித்தவையே இனமாக நிலைபெற்றன. குறைந்த எண்ணிக்கையில் எஞ்சியுள்ள மந்தைகளில் வரையறையின்றிக் கலப்பு நிகழ்ந்தால், அவ்வாறு தேறிய மரபுக்கூறுகள் சிதறிப்போகும். மூல இனங்களைக் கொண்டு இதனை மீட்டுருவாக்கவும் இயலாது. கலப்பின் விகிதமும் தெரியாது, கடந்த நூற்றாண்டும் திரும்பாது.

முடிவுரை

கால்நடை இனமொன்றின் மண்ணுரிமை அதன் குருதித் தூய்மையால் அமைவதன்று. ஒரு நிலத்தில் தலைமுறைகள் பல தாங்கி வாழ்ந்தமையால் அமைவது. ஆகவே, ஆராய்ச்சி நிலையத்தோடு உழவர்களின் மந்தைகளும் மேய்ச்சற் புல்வெளியும் ஒருங்கே காக்கப்படும்போதே நீலகிரிச் செம்மறி மலையினமாக நிலைக்கும்.