காடும் கடலும் பார்க்கப் போவோமா?

"பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும்" என்று லயத்தில் பேச்சு வந்தால் எல்லோரும் நுவரெலியாவைத்தான் சொல்கிறார்கள். மழைக்காட்டையும் கடலையும் ஒரே பயணத்தில் காட்டலாமே என்கிறோம் நாங்கள்.

1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட சிங்கராஜ வனத்துக்குத் தெனியாயப் பக்கமாகப் போகலாம். அங்கிருந்து அக்குரஸ்ஸ வழியாக இறங்கினால் மாத்தறைக் கடல். ஜனவரி, பெப்ரவரிதான் தோது. காட்டில் மழை குறைவு, தெற்குக் கடலும் அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை வேண்டாம், கடல் கொந்தளிக்கும். காட்டுக்குள் டிக்கெட் எடுத்து வழிகாட்டியோடுதான் போகணும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். அட்டைக்கடி நமக்கென்ன புதுசா? மலையில் தேய்க்கிற சவுக்காரமே போதும்.

எங்கள் பயமெல்லாம் கடல்தான். ஆற்றில் நீந்தத் தெரிந்தவரையும் கடல் உள்ளே இழுத்துவிடும். அப்படி இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி விலகணும். மாத்தறை பொல்ஹேனயில் பவளப்பாறை அலையைத் தடுக்கிறது; சிறுசுகளுக்கு அந்த இடம் நல்லது. அங்கேயும் பிள்ளைகள் மேல் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது. தண்ணி போட்டவர்கள் மணலிலேயே இருக்கட்டும்.

வட்டிக்கு வாங்கிப் போகாதீங்க. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆறு மாதம் முன்னமே சீட்டுப் பிடித்தால் வேன் கூலி தேறும். ஞாயிறும் போயாவும் அடுத்தடுத்து வருகிற நாளாகப் பார்த்தால் பேரும் குறையாது.