அளவுமானிக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

சுமார் 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். படுவான்கரை நெல்லும் வாவி மீனும் சந்தையில் இன்று இலத்திரனியல் தராசுகளில் நிறுக்கப்படுகின்றன. மின்கலங்களும் மின்சாதனங்களும் இலக்க வோல்ற்றுமானிகளால் சோதிக்கப்படுகின்றன. திரையில் தோன்றும் இலக்கத்தை நாம் கேள்வியின்றி நம்புகின்றோம்.

இக்கருவிகளில் உள்வரும் வோல்ற்றளவு, உள்ளேயுள்ள நியம வோல்ற்றளவு ஒன்றுடன் ஒப்பிடப்பட்டே இலக்கமாகின்றது. நியமம் பிறழ்ந்தால் வாசிப்பும் பிறழும். கருவியோ அதனைக் காட்டிக்கொடுக்காது.

நியமத்தைத் தெரிவு செய்கையில் தொடக்கத் துல்லியத்தை மட்டும் நோக்குவது போதாது. தொடக்க வழுவை அளவுதிருத்தத்தால் நீக்கிவிடலாம். வெப்பத்தாலும் காலத்தாலும் நேரும் பிறழ்வு அதன் பின்னரும் தொடரும். காலையில் 25 பாகை செல்சியசில் திருத்திய கருவி நண்பகலில் 35 பாகையை அடைவதாகக் கொள்வோம். பாகைக்குப் பத்து இலட்சத்தில் 100 பங்கு மாறும் நியமம் 0.1 சதவீதம் பிறழும். முழு வீச்சை 4,096 படிகளாகப் பிரிக்கும் கருவியின் உச்ச வாசிப்பில் இது நான்கு படி வழுவாகும். பாகைக்கு 10 பங்கே மாறும் நியமமாயின் வழு அரைப் படியையும் எட்டாது.

வாவிக்கரையின் ஈரப்பதனையும் மறந்துவிடலாகாது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சி வீங்கி, உள்ளிருக்கும் சிலிக்கன் சில்லை அழுத்தும். நியமம் மெல்ல நகரும். காற்றுப்புகாத உலோக அல்லது பீங்கான் உறை இதனைத் தவிர்க்கும். ஆனால் விலை அதிகம்.

எல்லாக் கருவிக்கும் அச்செலவு வேண்டியதில்லை. தராசின் பார உணரிக்கு ஊட்டும் வோல்ற்றளவையே ஒப்பீட்டு நியமமாகவும் கொண்டால், அதன் ஏற்றத்தாழ்வு இருபுறமும் சமனாகி மறையும். வோல்ற்றுமானிக்கு அவ்வழி இல்லை. உயர்ந்த நியமம் அங்கேயே தேவை.

அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் தொடர்பான 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையிலுள்ளது. எனினும் அளவையில் நேர்மை சட்டத்துக்கும் முந்தியது. திருக்குறள் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறும். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே வழங்குகின்றது.

துலாக்கோலின் முள்ளை அன்று எவரும் கண்ணால் காண முடிந்தது. இன்று அது கருவிக்குள் மறைந்துள்ளது. ஆதலால் கருவி செய்வோர் நியமத்தின் வெப்பப் பிறழ்வையும் உறையையும் ஆராய்ந்தே தெரிவு செய்தல் வேண்டும். அதனைப் பயன்படுத்துவோர் இறுதியாக எப்போது அளவுதிருத்தப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். இரு சமூகத்தாரின் கொடுக்கல் வாங்கலும் அந்த இலக்கத்தின் மீதே தங்கியுள்ளது.